அகான் கிழமைப் பெயர்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கானாவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். போன முதல் வாரமே குமாசி கெஜெட்டியா சந்தையில் தக்காளிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், விலையைச் சொல்வதற்கு முன்னால் நீ என்ன கிழமை பிறந்தாய் என்று கேட்டார். எனக்குப் பிறந்த தேதி தெரியும், நட்சத்திரம் தெரியும், கிழமை தெரியாது. அது தெரியாத ஒரு மனிதனை அவர் அதுவரை பார்த்ததில்லை போல, பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு, வியாழன் என்று மறுநாள் போய்ச் சொன்னேன். "அப்போ நீ யாவ்" என்றார். கிளம்பி வரும் வரைக்கும் அந்தச் சந்தையில் நான் யாவ்தான்.

ஊருக்கு வந்தபிறகு இந்தக் கதையைச் சொன்னால் கேட்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

அகான்னா யாரு? அது ஒரு நாடா?

நாடு இல்லை. கானாவின் தெற்கிலும் நடுப்பகுதியிலும், பக்கத்து ஐவரி கோஸ்ட்டின் கிழக்குப் பக்கத்திலும் வாழ்கிற பல இனக்குழுக்களுக்குப் பொதுப் பெயர் அகான். அசாந்தே, ஃபான்டே, அச்செம், போனோ, குவாஹு, ந்சிமா என்று உட்பிரிவுகள் நிறைய. கானாவில் பெரிய தொகுதி இவர்கள்தான். ட்வி, ஃபான்டே இவையெல்லாம் இவர்களின் பேச்சு, ஒன்றுக்கொன்று நெருங்கியவை.

கானாவில் இருக்கிற எல்லாரும் அகான் இல்லை. ஆனால் கிழமைப் பெயர் வைக்கிற வழக்கம் பக்கத்திலுள்ள எவே மக்களிடமும் உண்டு, கோட்ஜோ, கோப்லா, கோசி என்று அவர்கள் வாய்க்குத் தகுந்த மாதிரி.

எந்தக் கிழமைக்கு என்ன பேரு? ஒரு தடவை வரிசையா சொல்லிடுங்க.

அசாந்தே பக்கத்தில் சொல்கிற மாதிரி தருகிறேன். முதலில் ஆண், பிறகு பெண்.

திங்கள்: குவாஜோ, அஜோவா
செவ்வாய்: குவபெனா, அபெனா
புதன்: குவாக்கு, அகுவா
வியாழன்: யாவ், யா
வெள்ளி: கோஃபி, அஃபுவா
சனி: குவாமே, அமா
ஞாயிறு: குவாசி, அகோசுவா

கிழமையின் பெயரும் ஆளின் பெயரும் ஒரே வேரிலிருந்து வருவதைக் கவனித்தால் நினைவில் வைப்பது சுலபம். 'டா' என்றால் நாள். வெள்ளிக்கிழமை ஃபிடா, அதிலிருந்து கோஃபி. புதன்கிழமை வுக்குவாடா, அதிலிருந்து குவாக்கு. ஞாயிறு குவாசியாடா, குவாசி அப்படியே உள்ளே இருக்கிறது.

அப்போ வெள்ளிக்கிழமை பொறந்த பசங்க எல்லாருமே கோஃபிதானா? ஒரு தெருவுல பத்து கோஃபி இருந்தா எப்படிக் கூப்பிடுவாங்க?

ஆமாம், எல்லாரும் கோஃபிதான். ஆனால் அது மட்டுமே அவன் பெயர் இல்லை. கிழமைப் பெயருக்கு க்ராடின் என்று பெயர். க்ரா என்றால் உயிர், ஆன்மா. டின் என்றால் பெயர். இது யாரும் யோசித்து வைக்கிற பெயர் இல்லை, குழந்தை அதோடு வந்து இறங்குகிறது, வீட்டில் உள்ளவர்கள் அதைக் குறித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பா வைக்கிற பெயர் ஒன்று உண்டு, பெரும்பாலும் அவர் மதிக்கிற ஒரு உறவினரின் பெயர். எத்தனையாவது பிள்ளை என்பதைச் சொல்லும் பெயர் இருக்கலாம், பிறந்த சூழ்நிலையைச் சொல்லும் பெயர் இருக்கலாம், கிறிஸ்தவர் என்றால் ஞானஸ்நானப் பெயர் இருக்கலாம். பள்ளிச் சான்றிதழில் இவற்றில் எது எந்த வரிசையில் வரும் என்பது அந்தந்த வீட்டின் விருப்பம்.

தெருவில் கூப்பிடுவதற்கு வழி நம்மூர் மாதிரியேதான். உயரமானவன் கோஃபி டென்டென், கறுப்பானவன் கோஃபி டுன்டும், மூத்தவன் கோஃபி பன்யின், இளையவன் கோஃபி குமா. நெட்டை முருகன், குட்டை முருகன் என்று நாம் பிரித்து வைத்திருப்பது போல.

ஏன் கிழமை? தேதி, மாசம், நட்சத்திரம்னு ஒண்ணுமே பாக்கமாட்டாங்களா?

நட்சத்திரம், ராசி, முதல் எழுத்து என்ற கணக்கு அங்கே கிடையாது. கணிக்க ஆள் தேவையில்லை, கிழமை எல்லாருக்கும் தெரியும்.

பின்னால் இருக்கிற எண்ணம் இதுதான். ஒரு மனிதன் மூன்று இடத்திலிருந்து வருகிறான். ரத்தம் அம்மாவிடமிருந்து, அதுதான் அவன் எந்தக் குலம் என்பதைத் தீர்மானிக்கிறது. குணத்தின் ஒரு பங்கு அப்பா வழியாக. உயிர், அதாவது க்ரா, கடவுளான ஒன்யாமேயிடமிருந்து நேராக. அந்த உயிர் எந்தக் கிழமையில் பூமிக்கு வந்ததோ அந்தக் கிழமை அதற்குச் சொந்தம். அதனால்தான் க்ராடின்: உயிரின் பெயர்.

பழைய வழக்கப்படி தன் கிழமை வரும்போது ஒருவர் குளித்து, வெள்ளை உடுத்தி, தன் க்ராவுக்கு மரியாதை செய்வார். அதன் மிச்சம் இன்றும் பிறந்தநாள் காலையில் தட்டில் இருக்கிறது. எத்தோ என்று ஒன்று செய்வார்கள். நம் பெருவள்ளி இனத்துக் கிழங்கை வேகவைத்து மசித்து, செம்பனை எண்ணெய் விட்டுப் பிசைந்து, மேலே முழு முட்டை வைத்துத் தருவார்கள். கேக் சாயந்திரம்தான்.

பேர் வைக்கிற சடங்குன்னு ஏதாவது உண்டா, இல்ல பொறந்த அன்னிக்கே வெச்சிடுவாங்களா?

கிழமைப் பெயர் பிறந்த கணமே ஒட்டிக்கொள்கிறது. அப்பா வைக்கிற பெயரோடு சேர்த்து ஊரறியச் சொல்வது எட்டாம் நாள். அதுவரை குழந்தை ஒரு விருந்தாளி, தங்குமா திரும்பிப் போய்விடுமா என்று தெரியாது என்பதால் பெரிதாகக் கொண்டாட மாட்டார்கள். குழந்தைகள் நிறையச் செத்த காலத்தில் உருவான வழக்கம், அந்தப் பயம் அதில் தெரிகிறது.

பிறந்த நாளையும் சேர்த்து எண்ணுவதால் வெள்ளிக்கிழமைக் குழந்தைக்கு எட்டாம் நாள் மறுபடியும் வெள்ளிக்கிழமைதான். ட்வி மொழியில் வாரத்துக்கே 'எட்டு நாள்' என்றுதான் பெயர், ந்னாவோட்வே. உயிர் வந்த கிழமை திரும்பி வருகிறது, குழந்தை அதைத் தாண்டிவிட்டது, இனி நம் ஆள்.

கூட வேலை செய்தவரின் வீட்டில் ஒரு முறை பார்த்தேன். விடியற்காலை, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வெள்ளை உடுத்தி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா மடியில் குழந்தை. முன்னால் இரண்டு டம்ளர், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஷ்னாப்ஸ் என்ற சாராயம். தாத்தா விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் ஒரு சொட்டு விட்டு, தண்ணீர் என்று நீ சொன்னால் அது தண்ணீராகவே இருக்கட்டும் என்றார். பிறகு சாராயத்தில் நனைத்து ஒரு சொட்டு, சாராயம் என்று நீ சொன்னால் சாராயமாகவே இருக்கட்டும். குழந்தை முகத்தைச் சுளித்த சுளிப்பில் கூட்டம் முழுக்கச் சிரித்தது. உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆளாக வளர் என்பது அர்த்தம். மிச்சமிருந்த சாராயம் வந்தவர்களிடம் ஒரு சுற்று வந்தது, எனக்கும் காலை ஆறு மணிக்கு.

சில வீடுகளில் சாராயத்துக்குப் பதில் குளிர்பானமோ தேனோ வைக்கிறார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் முக்கியமாக.

அது தாய்வழிச் சமூகம்னு படிச்சேனே, அப்புறம் அப்பா ஏன் பேர் வைக்கிறாரு?

படித்தது சரிதான். குலம், சொத்து, பட்டத்து உரிமை எல்லாம் அம்மா வழியில். பழைய முறையில் ஒருவனுடைய வாரிசு அவன் மகன் இல்லை, அவன் சகோதரியின் மகன். தாய்மாமனுக்கு வோஃபா என்று பெயர், 'வோஃபா கோஃபி' என்று ஒருவரைக் கூப்பிடும் குரலிலேயே ஒரு பவ்யம் இருக்கும். நம்மூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அம்மா ரத்தத்தையும் குலத்தையும் கொடுத்துவிட்டதால் அப்பாவின் பங்காகப் பெயர் நிற்கிறது. அவர் முன்வந்து பெயர் வைப்பதே இந்தக் குழந்தை என்னுடையது என்று ஊர்முன்னால் ஒப்புக்கொள்வதுபோல. ஆனால் அவராலும் கிழமையை மாற்ற முடியாது.

கோஃபி அன்னான்ல கோஃபி வெள்ளிக்கிழமை, சரி. அன்னான் எந்தக் கிழமை?

அன்னான் கிழமை இல்லை, எண். நாலாவது பிள்ளைக்கு வைக்கிற பெயர். முழுப் பெயர் கோஃபி அட்டா அன்னான். அட்டா என்றால் இரட்டையரில் ஒருவர். குமாசியில் 1938 ஏப்ரல் 8 அன்று பிறந்தார், அது வெள்ளிக்கிழமை. கூடப் பிறந்த சகோதரி எஃபுவா அட்டா (அஃபுவாவை இப்படியும் சொல்வார்கள்), அவரும் வெள்ளிக்கிழமைதானே. ஐ.நா. பொதுச்செயலாளரின் பெயர்ப்பலகையில் கிழமையும் இரட்டைப் பிறவியும் ஓர் எண்ணும் வரிசையாக எழுதியிருந்தன, நமக்கு அது வெறும் பெயராகத் தெரிந்தது.

எண் பெயர்களில் தலைச்சன் பியெசியே, இரண்டாவது மனு, மூன்றாவது ஆண் மென்சா, பெண் மன்சா, நாலாவது அனானே அல்லது அன்னான், ஒன்பதாவது நிக்ரூமா, பத்தாவது படு. கடைக்குட்டி காச்சிரே. ஒன்று மறக்க வேண்டாம்: இந்தப் பெயர்கள் பிற்பாடு குடும்பப் பெயராக அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்க ஆரம்பித்துவிட்டன. அதனால் இன்று மென்சா என்று ஒருவரைப் பார்த்தால் அவர் மூன்றாவது பிள்ளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கானாவின் முதல் ஜனாதிபதி குவாமே நிக்ரூமா தன் தாய்க்கு ஒரே பிள்ளை, ஒன்பதாவது இல்லை.

இரட்டையர்களில் பன்யின் மூத்தவர், கக்ரா இளையவர். இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கிற குழந்தைக்கும் தனிப் பெயர் உண்டு, தாவியா. அதற்கும் அடுத்ததற்கு ந்யாங்கோமாகோ. அந்த வரிசையே ஊருக்குத் தெரிந்தபடி நிற்கும்.

சூழ்நிலையைச் சொல்லும் பேருன்னீங்களே, அது எப்படி?

அப்பா இறந்தபிறகு பிறந்த குழந்தை ஆன்டோபாம். நல்ல காலத்தில் பிறந்தது அஃப்ரியே. கடவுள் தந்தது ந்யாமெச்சே.

பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்துப்போன வீட்டில் அடுத்ததற்கு பெஜினா என்று வைப்பார்கள், 'வந்து நில், இரு' என்று அர்த்தம். அல்லது டோன்கோர், அதாவது அடிமை. மதிப்பில்லாத பெயரைக் கேட்டால் சாவு திரும்பிப் பார்க்காது என்ற நம்பிக்கை. நம் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டியை எல்லாம் நினைத்துக்கொண்டேன். எத்தனை ஆயிரம் மைல் தள்ளி, அதே பயம், அதே தந்திரம்.

குவாமே நிக்ரூமா பொறந்த தேதியைப் போட்டுப் பார்த்தா செவ்வாய்க்கிழமை வருது. அப்போ பேரு தப்பா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் கூகுளில் பார்த்துவிட்டு வந்திருப்பார், சபாஷ். கானாவின் முதல் ஜனாதிபதியின் பிறந்தநாள் 1909 செப்டம்பர் 21 என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. அது செவ்வாய்க்கிழமைதான், கணக்குப்படி அவர் குவபெனா ஆகியிருக்க வேண்டும்.

தப்பு தேதியில். அந்தத் தேதி, ஞானஸ்நானம் கொடுத்த கத்தோலிக்கப் பாதிரியார் உத்தேசமாக எழுதி வைத்தது. நிக்ரூமா தன் வாழ்க்கை வரலாற்றில் இதைத் தானே எடுத்துச் சொல்கிறார். தேதி உறுதி இல்லை, ஆண்டுகூட உறுதி இல்லை, அம்மா 1912 என்று சொல்வார். உறுதியாகத் தெரிந்தது ந்சிமா நாட்டு ந்க்ரோஃபுல் கிராமத்தில், செப்டம்பர் நடுவில், ஒரு சனிக்கிழமை நண்பகலில் பிறந்தது. 1909 என்றே வைத்துக்கொண்டால் செப்டம்பர் 18 சனிக்கிழமை, அதுவாக இருக்கலாம் என்று அவரே கணக்குப் போடுகிறார்.

எனக்கு இந்த முழு விஷயமும் புரிந்தது இங்கேதான். எழுத்து இல்லாத வீட்டில் ஆண்டு கரைந்துவிடும், மாதம் மங்கிவிடும், தேதி யாரோ ஒரு பாதிரியாரின் பேனாவில் போய் முடியும். தினமும் வாயில் புரள்கிற கிழமையை மட்டும் யாரும் தொலைப்பதில்லை. நம் பாட்டிமார் "புயலடிச்ச வருஷம் பொறந்தான்" என்பார்களே, அதற்கு நேர் எதிர் முனை.

நீங்க போட்ட லிஸ்ட்ல ஃபீஃபி, எசி, அராபா, எக்கோ இதெல்லாம் இல்லையே?

மேலே கொடுத்தது அசாந்தே வழக்கு. கடற்கரையில் இருக்கிற ஃபான்டேக்காரர்கள் அதே பெயர்களைக் கொஞ்சம் திருப்பிச் சொல்வார்கள். குவாசி அங்கே க்வெசி, குவாமே க்வாமெனா, குவபெனா கோபினா, குவாஜோ கோஜோ. பெண்களில் வித்தியாசம் இன்னும் அதிகம்: செவ்வாய்க்கு அராபா, வியாழனுக்கு அபா, ஞாயிறுக்கு எசி. இதுபோக வீட்டுச் செல்லப் பெயர்கள். திங்கள் ஜோஜோ, செவ்வாய் எபோ, வியாழன் எக்கோ, வெள்ளி ஃபீஃபி அல்லது யோஃபி, சனி ஆட்டோ. ஜனாதிபதியாக இருந்த ஜான் எவன்ஸ் ஃபீஃபி அட்டா மில்ஸ் ஃபான்டேக்காரர். பிறந்தது 1944 ஜூலை 21, வெள்ளிக்கிழமை. கோஃபி அன்னானின் கிழமையேதான், கூப்பிடுகிற விதம்தான் வேறு. அட்டா யார் என்று முன்னாலேயே சொல்லியாயிற்று.

ஐவரி கோஸ்ட்டின் பவுலே மக்களிடம் போனால்தான் சிக்கல். அங்கே கோஃபி, குவாமே, குவாசி எல்லாம் உண்டு, பிரெஞ்சு எழுத்தில். ஆனால் ஒரு நாள் தள்ளி விழுகிறது. அவர்களின் குவாசி திங்கட்கிழமைக்காரன், யாவோ வெள்ளி, கோஃபி சனி, குவாமே ஞாயிறு. கானாவில் பழகிய வாயோடு அபிஜானில் போய் "வெள்ளிக்கிழமையா நீங்கள்?" என்று ஒரு கோஃபியிடம் கேட்டு அசடு வழிந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழமைக்கு ஏத்த குணம்னு ஏதாவது சொல்வாங்களா? நிஜமாவே அப்படி இருக்கா?

சொல்வார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு புகழ்ப்பெயரும் உண்டு, விழாக்களில் கூப்பிடுவது. குவாஜோவுக்கு ஒகோட்டோ, குவாக்குவுக்கு ந்டோன்னி, யாவுக்கு ப்ரெகோ, குவாசிக்கு போடுவா. திங்கள் சாந்தமானவன், வம்புக்குப் போகாதவன். புதன் துடுக்கு, கோபக்காரன். அகான் கதைகளில் எல்லாரையும் ஏமாற்றுகிற சிலந்தி அனான்சேயின் முழுப் பெயரே குவாக்கு அனான்சே, புதன்கிழமைப் பிறவி.

நிஜமா என்பதற்கு ஒருவர் கணக்குப் பார்த்திருக்கிறார். குஸ்தாவ் யஹோடா என்ற உளவியலாளர் குமாசியில் சிறார் நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டி, குற்றம் செய்த பையன்களைக் கிழமை வாரியாகப் பிரித்து, 1954இல் ஒரு கட்டுரை எழுதினார். குவாஜோக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, அடிதடி வகைக் குற்றங்களில் குவாக்குகள் அதிகம். உடனே "பார்த்தீங்களா!" என்று எழுந்துவிடாதீர்கள். கிரகம் காரணம் என்று அவர் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து "அவன் குவாக்குதானே, அப்படித்தான் இருப்பான்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தால் பையன் அதற்குள் போய் உட்கார்ந்துவிடலாம், ஊரும் அவனை முதலில் சந்தேகப்படலாம் என்பதுதான் விளக்கம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஒரு ஊரின் பழைய பதிவேடு என்பதையும் மனசில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த குவாக்கு ஒருவர், எங்கள் கணக்குப் பிரிவில், ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்காதவர்.

கிழமைப் பேரு மனுஷங்களுக்கு மட்டும்தானா?

இல்லை, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். பூமிக்கும் கிழமை உண்டு. அசாந்தேக்களுக்குப் பூமித்தாய் அசாசே யா, வியாழக்கிழமைக்காரி. அதனால் வியாழனன்று மண்ணைக் கொத்தமாட்டார்கள், அவள் ஓய்வு நாள். அதே பூமி ஃபான்டேக்காரர்களுக்கு அசாசே எஃபுவா, வெள்ளிக்கிழமை. கடலுக்குச் செவ்வாய்; கானாக் கடற்கரையில் செவ்வாயன்று மீன்பிடிக்கப் போகமாட்டார்கள், படகுகள் மணலில் கிடக்க வலை தைப்பார்கள். கடவுளையே ஒன்யாங்கோபோன் குவாமே என்பார்கள், சனிக்கிழமைக் கடவுள்.

நாற்காலிக்கும் உண்டு. அசாந்தே அரசின் உயிர் என்று கருதப்படும் தங்க ஆசனத்தின் முழுப் பெயர் சிகா ட்வா கோஃபி. ஒகோம்ஃபோ அனோச்சே என்ற பூசாரி அதை வானத்திலிருந்து வரவழைத்து அரசர் ஓசெய் டூட்டுவின் மடியில் இறக்கியது ஒரு வெள்ளிக்கிழமை என்பது மரபு, ஆகவே அது கோஃபி. 1900இல் ஆங்கிலேய ஆளுநர் அந்த ஆசனத்தைத் தன்னிடம் கொண்டுவரச் சொன்னபோது சண்டைக்குக் கிளம்பியவர் எஜிசுவின் அரசத்தாய் யா அசான்டேவா. அவர் என்ன கிழமை என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அவங்க வாரமும் நம்ம மாதிரி ஏழு நாள்தானா?

ஏழும் உண்டு, ஆறும் உண்டு. ஆறு நாள் வாரம் ஒன்று பக்கத்திலேயே ஓடுகிறது. இரண்டையும் பல்லிணைத்தால் 42 நாளில் ஒரு சுற்று முடியும், அதற்கு அடாடுவானான். அந்தச் சுற்றில் வருகிற குறிப்பிட்ட ஞாயிறு அக்வாசிடாயே, அன்று குமாசி மன்ஹியா அரண்மனையில் அசாந்தே மன்னர் கொலுவிருப்பார், போனால் தவறவிடாதீர்கள். குறிப்பிட்ட புதன் அவுக்குடாயே. குழந்தைக்குப் பெயர் வைக்க ஏழு நாள் வாரம் மட்டும்தான்.

ஜமைக்காவுல குட்ஜோ, கஃபின்னு பேரு இருக்காமே, அதுவும் இதுதானா?

அதுவும் இதுதான். அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் கோல்ட் கோஸ்ட்டிலிருந்து (இன்றைய கானாவின் பழைய பெயர்) கப்பலேற்றப்பட்டவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கினார்கள், கிழமை கூடவே போனது. தோட்டங்களின் கணக்குப் புத்தகங்களில் ஆங்கிலேயக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார்கள்: குவாஜோ குட்ஜோ ஆனான், கோஃபி கஃபி, குவாக்கு குவாக்கோ, குவாசி குவாஷி. பெண்களில் அஜோவா ஜூபா, அஃபுவா ஃபிப்பா.

ஜமைக்கா மலைகளில் ஆங்கிலேயரோடு போரிட்டு 1739இல் உடன்படிக்கைக்கு இறங்கி வரவைத்த மரூன்களின் (தோட்டங்களிலிருந்து தப்பி மலையில் வாழ்ந்த அடிமைகள்) தலைவர் குட்ஜோ, திங்கட்கிழமைக்காரர். கயானாவின் பெர்பிஸில் 1763இல் அடிமைகளின் எழுச்சிக்குத் தலைமை தாங்கியவர் கஃபி, அதாவது கோஃபி. அது தொடங்கிய பிப்ரவரி 23தான் பின்னால் அந்த நாட்டின் குடியரசு நாள் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழ்க் கூலிகளில் பலர் போய்ச் சேர்ந்ததும் அதே பெர்பிஸ் கரும்புத் தோட்டங்களுக்குத்தான்.

சூரினாமில் குவாசி என்ற அடிமை காய்ச்சலுக்குக் கொடுத்து வந்த கசப்பு மரத்துக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் அவர் பெயரையே வைத்தார், குவாசியா. தாவரவியல் புத்தகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இன்னொரு பக்கமும் உண்டு, சொல்லாமல் விட்டால் சரியில்லை. நாளாக ஆக கரீபியனில் இந்தப் பெயர்கள் வசவாக மாறின. ஜமைக்காவில் குவாஷி என்றால் பட்டிக்காட்டு முட்டாள் என்று அர்த்தமாகிவிட்டது. அதனால் பிள்ளைகளுக்கு வைக்க யாருக்கும் மனமில்லாமல் போனது. உயிரின் பெயர் திட்டுவதற்கான சொல்லாக ஆக எத்தனை தலைமுறை அவமானம் தேவைப்பட்டிருக்கும்.

அமெரிக்காவுல நிறைய குவாமே இருக்காங்களே, எல்லாரும் சனிக்கிழமையா?

இல்லை. 1957இல் கானா சுதந்திரம் வாங்கியபிறகு குவாமே என்ற பெயர் ஒரு மனிதனின் பெயராக, ஒரு அரசியலின் பெயராக உலகம் முழுக்கப் போனது. கறுப்பர் உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல் பிற்பாடு குவாமே டூரே என்று மாற்றிக்கொண்டார், நிக்ரூமாவுக்கும் கினி நாட்டின் முதல் ஜனாதிபதி செக்கு டூரேக்கும் மரியாதையாக. அவர் பிறந்தது 1941 ஜூன் 29, ஞாயிறு. குமாசிச் சந்தை அம்மாவிடம் போயிருந்தால் "நீ குவாசி" என்று திருத்தியிருப்பார்.

கானாவிலேயேகூட கிழமையும் பெயரும் பொருந்தாத ஆட்களைப் பார்க்கலாம். தாத்தாவின் பெயரை முழுசாக வைக்கும்போது தாத்தாவின் கிழமையும் சேர்ந்து வந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கும் சொந்தக் கிழமை என்னவென்று தெரிந்திருக்கும், கேட்டால் சொல்வார்கள்.

கிறிஸ்தவங்களா மாறினபிறகும் இதெல்லாம் இருக்கா?

இருக்கிறது. மிஷன் பள்ளிகள் ஆங்கிலப் பெயர் கொடுத்தன, அது பள்ளிக்கும் ஆபீசுக்கும் ஆனது. வீட்டில் பாட்டி கூப்பிடுவது கிழமைப் பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு பலர் ஆங்கிலப் பெயரை உதறிவிட்டுக் கிழமையை முன்னால் கொண்டுவந்தார்கள். உயிர் வந்த நாள், க்ராவுக்கு மரியாதை என்பதையெல்லாம் பெரிதாக நம்பாதவர்களும் பெயரை விடவில்லை. ஞாயிறு சர்ச்சில் பாஸ்டராக இருப்பவரே கோஃபியாகத்தான் இருக்கிறார்.

நான் கானா போறேன். எனக்கும் பேரு உண்டா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உண்டு, கேட்காமலே கொடுப்பார்கள். தெருப் பிள்ளைகள் முதலில் ஒப்ரோனி என்றுதான் கத்துவார்கள். வெள்ளைக்காரர், வெளிநாட்டுக்காரர் எல்லாருக்கும் அது பொது, நம் நிறத்துக்கும் அதே மரியாதைதான். கிழமையைச் சொன்னதும் அது நின்றுவிடும். போனில் காலண்டரைத் திறந்து பிறந்த வருஷத்துக்குத் தள்ளிக்கொண்டே போங்கள், கிழமை தெரியும். சான்றிதழில் பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றி எழுதிய தேதியாக இருந்தால் நிக்ரூமா கதைதான், வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், முன்னால் அங்கிள், ஆன்ட்டி, ரொம்பப் பெரியவர் என்றால் நானா.

என் மகள் சனிக்கிழமை பிறந்தவள், கணக்குப்படி அமா. நான் ஒரு வாரம் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அடுப்படியிலிருந்து என் அம்மா "என்னடா?" என்று எட்டிப் பார்த்ததால் விட்டுவிட்டேன்.